நாலு தசம் பூச்சியம்

பதினொரு வருசம் மருதோண்டி.
வியாழன் பின்னேரம் இலை உருவி அரைத்து
தேயிலைச் சாயத்தில் குழைத்து
தலையில் அப்பி, சொப்பிங் பேக்கால் கட்டிக்கொண்டு
எட்டாம் வகுப்புத் தாள்களைத் திருத்துவேன்.
கச்சான் காற்று மாதங்களில்
அரை மணித்தியாலத்தில் காய்ந்து பொருக்கு உதிரும்.
ஒருமுறை ஒரு விடைத்தாளில் சொட்டிவிட்டது,
வட்டமாக, செம்மஞ்சளாக.
"ரீச்சர் எனக்கு மட்டும் புது நிறத்தில புள்ளி போட்டிரிக்கா"
என்று உம்மாவிடம் காட்டினானாம் அந்தப் பொடியன்.

மருதமுனையில் சாயம் பெரிய விசயமில்லை.
பக்கத்து வளவில் சாரன் நூலுக்குப்
பத்துப் பானை கொதிக்கும்.
எனக்கு ஒரு கோப்பை.

விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.
கழுத்து வலி. மாரி மழையில் தடிமன்.
மறுகா, நரை கூடக் கூடச்
செம்பு போய் கரட் நிறம் வந்தது.
"தலையில தீப்பிடிச்ச மாதிரி இரிக்கிகா"
என்றாள் மச்சி நஸ்லிமா.
"முக்காட்டுக்குள்ள ஆருகா பாக்கிற?"
"நீ பாக்காய்தானே."
அவள் கணக்கு எப்போதாவதுதான் சரியாக வரும்.

கல்முனையில் ஒரு பாமசி.
பெட்டியை உள்ளங்கையில் மறைத்து நீட்டினேன்.
"நாப்பதா ரீச்சர்?" என்று கத்தினான் றிம்ஸான்,
என்னிடம் படித்தவன்,
தசமத்தில் எப்போதும் வழுக்கி விழுந்தவன்.
என் வாய் சும்மா இருந்ததா?
"நாப்பது இல்ல, நாலு தசம் பூச்சியம்.
புள்ளியை விட்டாப் பெறுமானம் மாறும்."
வரிசையில் நின்ற ஆறு பேருக்கும்
என் நிறம் தெரிந்துபோனது.
அதில் ஒருவர் எங்கள் அதிபர்.
அவர் கையில் மூன்று தசம் பூச்சியம்.

கறுப்புக் கூடாது என்பார் இவர்.
நான் வாங்கியது கடும் கபிலம்.
இரண்டுக்கும் இடையில் எத்தனை மயிரிழை என்று
நானும் கேட்கவில்லை, அவரும் அளக்கவில்லை.

முழங்கை மடிப்பில் முதலில் ஒரு துளி.
நாற்பத்தெட்டு மணித்தியாலம் பார்த்தேன், சொறியவில்லை.
பூசி அரை மணித்தியாலத்தில் கழுவியாயிற்று.
மிச்சமான மூன்றரை மணித்தியாலத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
குசினி அலுமாரியை இறக்கித் துடைத்தேன்.

பழைய மருதோண்டியைப் பெட்டிச் சாயம் தின்னாது.
மேலே கபிலம், கீழே செம்பு,
நடுவில் அடிமட்டம் வைத்தாற்போல ஒரு கோடு.
பதினெட்டு அங்குலம், மாதம் அரை அங்குலம்,
முப்பத்தாறு மாதம்.
எனக்கு ஐம்பத்தேழு.
கடைசிச் செம்பு நுனியை வெட்டும் மாதம்
பென்சன் கடிதமும் வரும்.
பிழை இருக்குமென்று இன்னொருமுறை செய்தேன்.
அதே விடை.

இவர் தாடி இன்னும் மருதோண்டிதான்.
முந்தி என் கோப்பையின் வழிப்பில் ஒப்பேற்றிவிடுவார்.
இப்போது தானே பறிக்கிறார், காம்பும் கம்புமாக,
என் மிக்ஸியில் அரைக்கிறார்.
வெள்ளிக்கிழமைச் சம்பலில் மருதோண்டி வாசம்.
தாடி திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது,
பள்ளியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.
கேட்காததுதான் அவருக்குக் கவலை.
"தலகணியில ஆஸ்பத்திரி மணக்குது"
என்றார் விளக்கை அணைத்துவிட்டு.
நான் பதில் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
அவரே தலையணையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

பதினேழாம் நாள் வகிட்டில் வெள்ளை.
கரும்பலகையில் யாரோ கோடு கீறிவிட்டு
மணி அடிக்க எழும்பிப் போனதுபோல.
அழித்து முடிகிற கோடில்லை என்று தெரியும்.
கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

றிம்ஸான் இந்த முறை கத்தவில்லை.
பெட்டியைத் தாளில் சுற்றி, குனிந்து,
மெதுவாகச் சொன்னான்:
"விலை கூடிட்டு ரீச்சர்.
ஆயிரத்து அறுநூற்றைம்பது
தசம்
பூச்சியம் பூச்சியம்."