பதிவில் இல்லாத நாற்பது வினாடி

ரெஜைனா சட்டப்பேரவையின் அடித்தளத்தில்,
காதில் ஹெட்போனும்
நாடாவை நிறுத்தி ஓட்டக் காலடியில் மிதிகட்டையுமாக
இருபத்தாறு வருடம்.
ஆர்விட் ஸ்டென்ஸ்ருட்டை முகம் பார்த்தது நாலு தடவை.
குரலைக் கேட்டதற்குக் கணக்கில்லை.

மறு எண்ணிக்கையில் பதினேழு வாக்கில் ஜெயித்து வந்தவர்.
முதல் பேச்சில் தன் தொகுதியின் பெயரிலேயே தடுக்கினார்.
அதற்கு முன் சரளைக்கல் லாரி ஓட்டியவர்;
'ர' வரும் இடமெல்லாம்
தொண்டையில் கொஞ்சம் சரளை உருளும்.
"தார் போடுவோம்" என்றார். அன்று மட்டும் பதினோரு முறை.

எட்டு வருடம் கடைசி வரிசை.
தலைவர் வாயெடுத்தால் மேசை தட்டும் கூட்டத்தில் ஒரு கை.
அந்தக் கையை மட்டும் எனக்குத் தெரியும்:
மோதிரம் போட்டது, இரண்டே தட்டு, அதுவும் சற்றுத் தாமதமாக.
பதிவில் போடுவது
(மேசையைத் தட்டும் ஒலி).
அது எல்லோருக்கும் பொது.

பிறகு நெடுஞ்சாலைத் துறை அமைச்சர்.
முன் வரிசை, புது மைக், குவளையில் ஐஸ் மோதும் சத்தம்.
ஒரே மாதத்தில் 'நான்' மெலிந்து 'அரசு' வந்தது.
செய்தேன் போய்ச் செய்யப்பட்டது,
அதுவும் போய்ப் பரிசீலனையில் உள்ளது.
என் வேலை எளிதாயிற்று.
யாரோ எழுதிக் கொடுத்தால்
அமைச்சர்கள் முழு வாக்கியத்தில் பேசுவார்கள்.

கஜானா வறண்ட வருடம் அந்தத் திட்டம் வந்தது.
பராமரிக்கக் காசில்லாத தார்ச்சாலைகளைக் கிழித்து
மறுபடி சரளையாக்குவது.
கையெழுத்து அவருடையது.
அவர் தொகுதியில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
"லாரிக்காரனுக்கு யோகம்!" என்று எதிர்வரிசையில் ஒரு குரல்.
(குறுக்கீடு).

மார்ச் கடைசி, பனி உருகிச் சாலைகள் களியான வாரம்.
கேள்வி நேரத்தில் ஒடெட் ஃபூர்னியே ஒரு கடிதம் வாசித்தார்.
ஆம்புலன்ஸ். முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு மணி இருபது நிமிடம்.
'பழைய தானியக் கிடங்கு தாண்டும்வரை என் கணவர் பேசிக்கொண்டுதான் வந்தார்.'

அமைச்சர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.
பிறகு ஒன்றுமில்லை.
நாடாவில் நாற்பது வினாடி:
யாரோ இருமியது,
காகிதம் ஒன்று நாலாக மடிந்தது, மூச்சு.
அப்புறம்,
"சபாநாயகர் அவர்களே, அரசு அந்த முடிவை எடுத்தது."

மௌனத்தைத் தட்டச்சு செய்ய விதியில்லை.
என் பக்கத்தில் கேள்விக்கு அடுத்த வரியே பதில்,
நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தவர் போல.

மறுநாள் படியிறங்கி வந்தார், தொப்பியைக் கையில் பிடித்து.
திருத்தம் கேட்டு அமைச்சர்கள் வருவது புதிதல்ல.
'நான்' என்று உளறிவிட்டேன், 'அரசு' என்று மாற்று என்பார்கள்.
இவர் தலைகீழாகக் கேட்டார்.
"ட்ரூடா, அந்த 'அரசு'வை எடுத்துவிட்டு
'நான்' என்று போட முடியுமா?"

எழுத்துப்பிழை திருத்தலாம், பொருளை மாற்றக் கூடாது என்றேன்.
விதியின் எண்ணையும் சொன்னேன்.
ஏன் சொன்னேனோ.
தலையாட்டிவிட்டுச் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்து நின்றார்.
போன வருடத்து வரைபடம்.
அதில் அவருடைய சாலைகள் இன்னும் தாராகவே இருந்தன.

அடுத்த தேர்தலில் இரண்டாயிரம் வாக்கில் தோற்றார்.
பழைய லாரியைத் திரும்ப வாங்கினார் என்று கேள்வி.

இன்று இரங்கல் தீர்மானம்.
ஐந்து பேர் பேசினார்கள், மூன்று பேருக்குப் பெயர் வாயில் நுழையவில்லை.
ஒடெட் ஃபூர்னியே எழுந்து, ஏதும் சொல்லாமல் உட்கார்ந்தார்;
அதைப் பதிய முடியாது.

(அவை ஒரு நிமிடம் மௌனம் காத்தது).
இதற்கு விதி உண்டு.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:
இருபத்தொன்பதாவது வினாடியில் நாற்காலிகள் இழுபட்டன.
ஒரு நிமிடம் என்றே தட்டினேன்.