ஐந்தரை மணி

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மொட்டை மாடியில்
துப்பாக்கி பிடித்த சுதைச் சிப்பாயின் கழுத்தில்
என் ஆன்டெனாவின் ஒரு முனை.
காவல்காரர் வெள்ளைச்சாமி மாதம் இருநூறு வாங்கிக்கொள்கிறார்,
இடி இறங்கினால் தனக்கு எதுவும் தெரியாது என்கிறார்.

வைகாசியில் ஓர் இரவு, பத்தே முக்காலுக்கு,
ஃபரோ தீவிலிருந்து ஒருவன் பிடிபட்டான்.
யோகன். இருபது மீட்டர், குரல்.
ஐம்பத்தொன்பது என்றான். அங்கே மழையாம்.
பிறகு இரைச்சல் வந்து மூடிவிட்டது.
நாற்பது நொடி இருக்கும்.

அன்றே இணையப் பதிவேட்டில் ஏற்றினேன்.
அவன் ஏட்டிலும் அதே வரி இருக்க வேண்டும்,
நாள், நேரம், அலைவரிசை. ஒன்று பிசகினாலும்
பேசியது பேசாததுதான்.
பகலெல்லாம் நகைக்கடன் கடையில் பேரேடு எழுதுகிறவள்,
எனக்கா தெரியாது?

ஆடி பிறந்தது. உறுதியாகவில்லை.
சோம்பேறி என்றேன். பிறகு, பொய்யன்.

நேற்று முதலாளி
ஒரு வட்டிச் சீட்டைத் திருப்பி அனுப்பினார், தேதி தப்பென்று.
அதை அடித்துத் திருத்தும்போதுதான் உறைத்தது:
பதிவேடு கேட்டது உலக நேரம்.
நான் எழுதியது என் சமையலறைக் கடிகாரம்.

ஐந்தரை மணியைக் கழித்தேன்.
திரை ஒருமுறை சுழன்று பச்சையானது.
அவன் அன்றிரவே எழுதியிருக்கிறான்,
பேசி முடித்த ஆறாவது நிமிடத்தில்.
இரண்டு மாதமாக அவன் வரி
என் வரியைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறது.

ஏடு நேராகிவிட்டது.
பொய்யன் என்றேனே, அதை
எந்தப் பத்தியில் எழுதிக் கழிப்பது?