தரைவாய்

புரட்டாசி மூன்றாம் சனி, விடியற்காலை ஐந்தேகால்.
இருநூற்றுப் பத்து இலைக்கு முன்பணம் வாங்கியாயிற்று.
பருப்பு வெந்துகொண்டிருக்க
அடுப்படித் தரையின் துளை
ஒருமுறை ஏப்பம் விட்டது.

மறுமுறை விட்டபோது
கூடவே எல்லாம் வந்தது.

நாற்றத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன்,
சோறு போடுகிற தொழில் எனக்கு.
நிறத்தை மட்டும் சொல்கிறேன்: தே தாரே.
அன்றிலிருந்து நான் தேநீரில் பால் ஊற்றுவதில்லை.

முதலில் அரிசி மூட்டையைத் தூக்கினோம்,
பிறகு உளுந்து,
பிறகு வாழையிலைக் கட்டு, அதற்குள் அடிப்பக்கம் நனைந்துவிட்டது.
சுகாதாரத் துறை தந்த 'ஏ' அட்டை
சுவரில் நேராகத்தான் தொங்கியது.
அட்டைக்கு மூக்கில்லை.

யார் செய்தது என்று எனக்குத் தெரியும்.
மேல்மாடியில் பதினான்கு நேப்பாளிகள், காவல் வேலை,
பகலுக்கு ஏழு பேர், இரவுக்கு ஏழு பேர்,
ஒரே கழிவறை.
படிக்கட்டின் கீழ் நின்று கத்தினேன்,
தமிழில் தொடங்கி மலாயில் முடித்தேன்:
உள்ளே என்னத்தைப் போடுகிறீர்கள்?
பேப்பரா, சட்டையா, உங்கள் ஊர் மலையா?

ஒருவர் இறங்கி வந்தார்.
இரவு வேலை முடிந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றியிருந்தார்,
சட்டையில் பெயர் குத்தியிருந்தது: இந்திரமான்.
பதில் சொல்லவில்லை.
காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
வாளி எங்கே என்று பார்த்தார்.

குழாய்க்காரர் ரோஸ்லான் வர எட்டரை.
பின்சந்தில் மூடியை நெம்பி
இரும்புச் சுருளை உள்ளே விட்டார்.
இயந்திரம் இருமிற்று, திணறிற்று,
எதையோ கடித்து நின்றது.
இழுக்க இழுக்க வந்தது,
வெள்ளையாய், மெழுகாய், கைத்தடிமனில்,
குழாயின் உருவத்திலேயே.
தேங்காய்ப் பத்தை என்றுதான் முதலில் நினைத்தேன்.

சப்பாத்து நுனியால் அதை உடைத்துக் காட்டினார்.
உள்ளே கறிவேப்பிலை.
கடுகு.
வாய் பிளக்காத ஒரு ஏலக்காய்.

"மினியாக்," என்றார். எண்ணெய்.
அவ்வளவுதான் சொன்னார்.

மேல்மாடியிலும் கடுகு தாளிப்பார்களோ என்று
ஒரு கணம் யோசித்தேன்.
வெட்கம்கெட்ட கணம் அது.

மூன்று வருட வடை, மூன்று வருட நெய்,
கடை சாத்தி, விளக்கணைத்து,
ராத்திரி பத்தரைக்கு, சூடு ஆறுமுன்
என் கையால் நானே ஊற்றியது.
போய்விட்டது என்று நினைத்தேன்.
பதினைந்தடி தள்ளி உட்கார்ந்திருந்திருக்கிறது.

நானூற்றைம்பது வெள்ளி.
ரசீதில் காரணம் எழுத வேண்டாம் என்றேன்.
இருநூற்றுப் பத்து இலையை
ஈப்போ சாலைக் கடைக்காரியிடம் விட்டுக்கொடுத்தேன்,
"ஐயோ பாவமே" என்றாள் போனில்,
அவள் தாளிக்கும் சத்தம் பின்னால் கேட்டது.

மன்னிப்புக்கு மலாயில் ஒரு சின்னச் சொல் உண்டு.
எனக்குத் தெரியும், தினமும் சொல்கிறேன்,
மீதிச் சில்லறை இல்லாதபோது.
இந்திரமான் முன்னால் நின்றபோது வாயில் வந்தது,
"சாப்பிட்டீங்களா?"

அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.
கணுக்கால்வரை சோப்பு நுரையோடு நின்று,
கூச்சத்துடன் ஒன்று கேட்டார்:
இப்போது மேலே கழிவறைக்குப் போகலாமா?
ஆறு பேர், விடிந்ததிலிருந்து,
உங்கள் சத்தம் கேட்டு
அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

போகச் சொல்லுங்கள் என்றேன்.

ரோஸ்லான், நான், டெட்டால் போத்தலோடு தங்கையா மாஸ்டர்,
மூவரும் துளையைச் சுற்றி நின்றோம்,
பிரசவ அறை வாசலில் நிற்பதுபோல.
மேலே யாரோ தண்ணீர் விட்டார்கள்.
சுவருக்குள் அது இறங்கி வந்தது.
துளை லேசாய் முனகி
அடங்கிற்று.

"ஒன்று," என்றார் மாஸ்டர்.

ஆறுவரை எண்ணினோம்.