இரவல் சட்டை

ரக்பிப் பந்து கேட்டிருந்தோம்.
பெட்டியைப் பிரித்தால் அமெரிக்கக்காரன் பந்து:
முனை இரண்டும் கூர், முதுகில் சப்பாத்து மாதிரி கயிறு.
திருப்பி அனுப்பக் கூரியருக்குப் பதினெட்டு வெள்ளி.
இருக்கட்டும் என்றார் ஹிஷாம் சார்,
இதைப் பிடிக்கப் பழகினால் எதையும் பிடிக்கலாம்.
நாங்கள் எதையும் பிடிக்கவில்லை,
மூன்று ஆட்டம் முடியும்வரை.

சிரம்பானில் ஐம்பத்தைந்துக்குச் சுழியம்.
கோலப்பிலாவில் நாற்பத்தொன்றுக்கு மூன்று;
அந்த மூன்றும் சர்வின் உதைத்தது,
ஒரு வாரம் அவன் இடதுகால்
வகுப்பில் தனி நாற்காலியில் உட்கார்ந்தது.
சிகாமட்டுக்குப் போகும் வழியில்
கிம்மாஸ் மேட்டில் பஸ் நின்றுவிட்டது.
பதினெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினோம்.
அந்தப் பருவம் முழுக்க
நாங்கள் சேர்ந்து தள்ளி
முன்னால் நகர்ந்தது அது ஒன்றுதான்.

பஹாவில் எங்கள் கல்லூரித் திடல்
செம்பனைத் தோட்டத்தின் முப்பத்திரண்டாம் பிளாக்கில் முடியும்.
பந்து உள்ளே போனால்
மட்டை முள்ளுக்குப் பயந்து ஒருவரை ஒருவர் பார்ப்போம்.
காற்று திரும்பி ஆலை வாடை அடித்தால்
இரண்டாம் பாதி என்று அர்த்தம்.
பார்வையாளர், டிராக்டர் எஞ்சினை அணைக்காமல்
நின்று பார்க்கும் வங்காளதேசத்து ரஃபிக்.

யுவனேஷ் சனி ஞாயிறுகளில் குலை ஏற்றப் போகிறவன்.
இருபது கிலோக் குலையைக் கம்பியில் குத்தி
லோரிக்குள் வீசிப் பழகிய கை.
இந்த ஆட்டத்தில் பந்தை முன்னால் வீசக் கூடாது,
பின்னால்தான்.
தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.
விசில்.
மறுபடி விசில்.

நான் இருபத்திரண்டாம் எண்.
தண்ணீர், ஐஸ் பெட்டி, பல்கவசம் போட்ட மைலோ டின்,
காலையில் திடலுக்குச் சுண்ணாம்புக் கோடு.
ஆறு ஆட்டத்தில் மொத்தம் பதினொரு நிமிடம் உள்ளே நின்றேன்,
அதில் நாலு நிமிடம் ஹக்கிமியின்
கழன்ற காலணியைத் தேடினார்கள்.
என் சட்டையில் சேறே இருக்காது.
ஆனாலும் ஒவ்வொரு முறையும் துவைத்தேன்,
எல்லாரும் துவைக்கிறார்களே.

நவம்பர். கடைசி ஆட்டம்.
போர்ட்டிக்சன்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள்,
பதினொரு பேர்.
இன்னொரு வேன் எங்கோ வெள்ளத்தில்.
நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்,
அரைமணி கழித்து மறுபடி பார்த்தார்,
தாளில் எழுதினார்: வாக்ஓவர், இருபதுக்குச் சுழியம்.
எங்கள் முதல் வெற்றி.
யாரும் கத்தவில்லை.
சுண்ணாம்பு இன்னும் ஈரமாகக் கிடந்தது.
"கோடு போட்டாச்சு," என்றான் யுவனேஷ்,
"வந்ததுக்கு ஆடிட்டுத்தான் போங்களேன்டா. நாலு பேர் தரோம்."
முதல் விரல் என் பக்கம் நீண்டது.

மஞ்சள் சட்டை. யாருடையதோ, அக்குளில் கிழிசல்.
நீலத்தின் மேலேயே மாட்டிக்கொண்டேன்.
அவர்களுடைய சங்கேதம் ஒன்றும் எனக்குத் தெரியாது.
எங்களுடையது தெரியும்:
யுவனேஷ் மூக்கைச் சொறிந்தால் பந்து வலப்பக்கம்.
ஐந்து மாதம் வெளியில் உட்கார்ந்து
வேறு என்னத்தைப் பார்த்தேன்.

சொறிந்தான்.

நடுவில் புகுந்தேன். பந்து நெஞ்சில் மோதி நின்றது.
பிறகு ஓட்டம். பின்னால் யாரோ என் பெயரைக்
கெட்ட வார்த்தையோடு சேர்த்துக் கூப்பிட்டார்கள்.
ரஃபிக் ஹாரன் அடித்தான்.
நானே போட்ட கோட்டைத் தாண்டி விழுந்து எழுந்தபோது
உடம்பெல்லாம் சுண்ணாம்பு.
கட்டிப்பிடித்தவர்களில்
ஒருவன் பெயரும் எனக்குத் தெரியாது.

பன்னிரண்டுக்குப் பத்து. நாங்கள் தோற்றோம்.
எந்த நாங்கள் என்று ஒரு நொடி யோசித்தேன்.
அறிவிப்புப் பலகையில் வெற்றி ஒன்று, தோல்வி ஆறு.
என் ட்ரை எந்தத் தாளிலும் இல்லை.
மஞ்சள் சட்டை வேனோடு போய்விட்டது.
அடியில் இருந்த நீலத்தில் சேறு.
மூன்று நாள் துவைக்கவில்லை.

யுவனேஷும் மூன்று நாள் பேசவில்லை.
பிறகு கேன்டீனில் மைலோ வாங்கி என் முன்னால் நகர்த்தி,
எப்படிடா தெரிஞ்சது என்றான்.
மூக்கு, என்றேன்.

அடுத்த பருவத்தில்
காதைச் சொறிவான்.