ஆறு படகுக்கு ஒரு பெயர்

மண்டபத்தில் ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால்
மாடியில் ஓர் அறை.
ஏசி ஓடினாலும் செம்புக் கம்பியில்
பச்சை பூத்துவிடும்.
மேசையில் ஆறு புரோகிராமர்.
ஆட்கள் அல்ல, பெட்டிகள்.
வெறும் சிப்பை வாயில் வைத்தால்
நினைவு ஊட்டித் திருப்பித் தரும்.

போன மாதம் வரை
ஆறு பெட்டிக்கு ஆறு பேர், ஆறு பித்தான்.
பிரிஸ்காவுக்குக் கை வேகம்.
காளீஸ்வரி ஒவ்வொரு சிப்பையும்
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் வைப்பாள்.
நசீமாவுக்குப் பாதியில் சிரிப்பு வந்தால்
பித்தான் காத்திருக்கும்.
எந்தத் தப்பு யாருடையது என்று
போர்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

உச்சிப்புளியிலிருந்து அந்தோணி ரூபன் வந்தான்,
தோள்பையில் தட்டை வயர் ஒரு சுருள்.
ஒன்றின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகுக்கு,
அதிலிருந்து அடுத்ததற்கு.
இனி முதல் பெட்டி சொல்லும், மற்ற ஐந்தும் கேட்கும்.
ஐந்தும் தயார் என்று சொல்லாமல்
முதலாவது தொடங்காது.
ஒன்று திணறினால் ஆறும் நிற்கும்.

கரைவலை மாதிரிக்கா, என்றான்.
இல்லை தம்பி.
கரைவலையில் ஒருத்தன் கையை விட்டாலும்
கயிறு வந்துகொண்டுதான் இருக்கும்.
இழுப்பதுபோல் நடிக்கிறவனுக்கும் பங்கு உண்டு.

ஒரு பித்தான். என் விரல்.
பிரிஸ்காவும் நசீமாவும் சோதனை மேசைக்குப் போனார்கள்,
காளீஸ்வரி அட்டைப்பெட்டி ஒட்ட.
மற்ற இருவரை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.
அவர்கள் வரவில்லை.
பதிவேட்டில் ஆறு கையெழுத்து நெருக்கியடித்த கட்டத்தில்
என் பெயர் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை நசீமா
ஒரு கருவியை மொட்டைமாடியில் வைத்துவிட்டு
இன்னொன்றோடு ஜெட்டிக்குப் போனாள்.
படகில் பொருத்துகிற கருவி.
ஆபத்தில் சிவப்பை அமுக்கினால்
கரையில் திரையில் புள்ளி எரியும், பக்கத்தில் எண்.
இரண்டையும் அமுக்கினோம்.

ஒரே புள்ளி.
மாடியில் எரிந்தது. அணைந்தது.
ஜெட்டியில் எரிந்தது. திரும்ப மாடியில்.
ஒரே ஆள்
முக்கால் கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் தாண்டித் தாண்டி
இரண்டு இடத்தில் மூழ்கிக்கொண்டிருந்தான்.

அறுநூற்றுப் பதினேழு.
அந்த ஈட்டில் ஆறு சிப்புக்கும் அதே எண்.
முன் ஈட்டில் ஆறுக்கும் அறுநூற்றுப் பதினாறு.
முதல் பெட்டி தன் எண்ணைச் சொன்னது,
ஐந்தும் அப்படியே எழுதிக்கொண்டன.
எதுவும் பிழை காட்டவில்லை.
ஆறு பச்சை விளக்கு, ஒரே நொடியில்.

ஆறு பேர் ஆறு விதமாகத் தப்பு செய்தபோது
கடலில் ஒரு படகைத்தான் தொலைத்திருப்போம்.

ரூபன் ராத்திரி முழுக்க உட்கார்ந்தான்.
இரண்டு பரோட்டா ஆறிப்போனது.
விடிந்ததும் சொன்னான்:
எப்போ என்பதை முதல் பெட்டி சொல்லட்டும்,
யார் என்பதை அவனவன் எண்ணிக்கொள்ளட்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் எண் பிரித்துக் கொடுத்திருந்தான்.
வயர் அதேதான்.

நான் வேறொன்று கேட்டேன்.
ஒவ்வொரு ஈட்டிலும் ஆறு எண்ணையும்
காளீஸ்வரி வாய்விட்டு வாசிக்க வேண்டும்,
வெளிச்சத்தில் திருப்பி, அவள் வேகத்தில்.
முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.
பிறகு அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

அனுப்பியதை எல்லாம் திரும்ப வாங்கினோம், அழித்தோம், புதிதாக எழுதினோம்.
அறுநூற்றுப் பதினேழில் ஐந்துதான் வந்தது.
ஆறாவது தொண்டிப் பக்கம்
ஏதோ ஒரு படகில் இருக்கிறது.
ஐந்துக்கும் வேறு பெயர் வைத்தாகிவிட்டதால்
இப்போது அது தப்பே இல்லை.
அந்த எண்ணில் அது ஒன்றுதான்.

ஆனாலும் வாடைக்காற்று எழும் ராத்திரிகளில்
பித்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு
ஒரு நிமிஷம் திரையைப் பார்க்கிறேன்,
வடகடல் முழுக்கக் கறுப்பாக இருக்கிறதா என்று.