நாலு புள்ளி ஏழு

பிரிவுப் பத்திரத்தில் பதினேழாவது வரி:
வீட்டில் பதிந்த டிவிடிகள், முப்பத்தொன்று.
அசல் எனக்கு. நகல் தூலாவுக்கு.
படகும் மோட்டாரும் அதற்கு முந்தைய வரி.
வக்கீல் இரண்டையும்
ஒரே மூச்சில் வாசித்தார்.

குவோப்பியோவில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னல் கறுத்துவிடுகிறது.
ஐம்பது வெற்று வட்டுகள் வாங்கி வந்தேன்,
நடுவில் ஓட்டை போட்டுக்
கழியில் கோத்த ரை ரொட்டிகளைப் போல.
ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.
பதினொரு வட்டுகள் பேச்சுமூச்சில்லாமல் முடிந்தன.

பன்னிரண்டாவதில் கணினி நின்றது.
இடம் போதாது என்றது.
இந்த வட்டு கொள்வதே
நாலு புள்ளி ஏழு ஜிகாபைட்.
உள்ளே இருப்பது ஒன்பதாம்.
உழக்குக்குள் மரக்கால் எப்படி நுழையும்?
சட்டை நுனியால் துடைத்துப் போட்டேன். ஒன்பது.
பழைய டிரைவை மாட்டிப் போட்டேன். ஒன்பது.
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
சமையலறைத் தராசிலும் வைத்துப் பார்த்தேன்:
பதினாறு கிராம்.
மற்ற வட்டுகளும் பதினாறுதான்.

நள்ளிரவு தாண்டித்தான் புரிந்தது.
வட்டில் இருப்பது ஒரே பகல்.
அதற்கு இரண்டு தலைப்பு.
ஒன்று நான் போட்டது: ‘ஏரி, ஜூலை’.
மற்றது: ‘இன்கேரி நீந்திவிட்டாள்’.
அந்த ரிமோட்டில்
ஓர் எழுத்து விழ மூன்று அமுக்கு அமுக்க வேண்டும்.
எந்த இரவில் உட்கார்ந்து
இத்தனை எழுத்தை அமுக்கினாள் தூலா?
நான் ஒட்டுப்பலகை ஆலையில்
இரவு ஷிப்டில் இருந்திருப்பேன்.

ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா.
வட்டுக்கு அது தெரியும்,
பஞ்சாயத்து இல்லாமல் வைத்திருந்தது.
நகலெடுக்கும் நிரலுக்குத் தெரியவில்லை.
பட்டாவை எண்ணிக்கொண்டு
நிலம் கேட்டது.

ஒன்றை நீக்கினால் மற்றது அடங்கும்.
எதை என்று யோசிக்க என்ன இருக்கிறது,
இரண்டும் ஒன்றுதானே
என்று சொல்லிக்கொண்டே
இரண்டையும் ஓடவிட்டேன்.

அதே படகுத்துறை. அதே மேகம்.
லென்ஸின் மேல் நடந்து போகும் அதே ஈ.
ஆறு வயது இன்கேரி
ஆரஞ்சு மிதவைகளைக் கையிலிருந்து உரித்து எறிகிறாள்,
முகத்தைக் கோணிக்கொண்டு குதிக்கிறாள்.
நாய் நீந்துகிற மாதிரிதான், ஆனாலும் நீந்துகிறாள்.
என்னுடையது
அவள் விரல் மரத்தைத் தொட்டதும் முடிந்தது.
தூலாவுடையது முடியவில்லை.
இன்னும் பத்தொன்பது விநாடி ஓடியது.

அதை வெட்டிவிட்டதாக நினைத்திருந்தேன்.
வெட்டு விழுந்தது என் தலைப்பில்,
வட்டில் அல்ல.
அணைக்க மறந்த கேமரா
பலகையைப் பார்த்துத் தொங்குகிறது.
என் இடது கால். ஈரத் துண்டின் நுனி.
தூலாவின் குரல், மூச்சிரைக்க:
பார்த்தாயா?
என் குரல்:
எடுத்துட்டேன்.
கொஞ்சம் தண்ணீர்ச் சத்தம்.
நான் கேட்டது அது இல்லை, உர்ஹோ.

கால் நகர்கிறது.
அவ்வளவுதான், கறுப்பு.

அதை ஏன் வெட்டினேன் என்று
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
என் கால் அசிங்கமாகத் தெரிந்ததால் இருக்கலாம்.

நகலில் என் தலைப்பை நீக்கினேன்.
நாலரைக்கு இறங்கியது.
ஒன்பது நிமிடத்தில் எரித்து முடித்தது டிரைவ்,
தட்டை நீட்டியது,
வட்டு லேசாகச் சுட்டது.
மேலே பேனாவால் பன்னிரண்டு என்று மட்டும் எழுதினேன்.
தலைப்பு அவளிடம் இருக்கிறது.

அசல் என்னிடம்தான்.
போட்டால் இப்போதும்
ஒன்பது என்றே சொல்கிறது.

தெருவில் பனிவாரி வண்டி
பலகையை உரசிக்கொண்டு போனது.
பதின்மூன்றாவது வட்டை நுழைத்தேன்.
கிறிஸ்துமஸ், தூலாவின் தம்பி குடித்துவிட்டுப் பாடுவது.
அதில் சிக்கல் ஒன்றுமில்லை.