மூன்றாவது ஷெட்

பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி சாலையில்,
சங்கு ஊதி இருபத்தெட்டு வருடமான நூற்பாலைக்குள்
சனி ஞாயிறு எனக்கு வேலை.
ஒரு மர ஸ்டூல், ஒரு நீல டீ-ஷர்ட்,
வருகிறவர்களை எண்ணக் கட்டைவிரலால் அழுத்தும் கருவி,
சொல்வதற்கு ஒரே வாக்கியம்:
"தொடாதீங்க சார்."

ஏழு ஷெட்டிலும் கண்காட்சி.
கொதிகலன் நின்ற இடத்தில் வீடியோ:
ஒரு பெண் மணிக்கணக்காக மழையைப் பார்க்கிறாள்,
நாம் அவளைப் பார்க்க வேண்டும்.
எடைமேடையில் யாரோ ஒரு டன் உப்பைக் குவித்து
"கடல்" என்று எழுதிவைத்திருந்தார்கள்.
பக்கத்திலேயே ஒரு நாய் தூங்கியது.

என் ஷெட்டில் அட்டைகள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வருகை அட்டைகள்,
ஆபீஸ் பீரோவில் கரையான் தின்று மிச்சம் வைத்தவை,
நைலான் நூலில் கூரையிலிருந்து தொங்கின.
உடைந்த கண்ணாடி வழியே ஆனிச் சாரல் காற்று நுழைந்தால்
எல்லாம் ஒரே பக்கம் திரும்பும்,
மேஸ்திரி வந்துவிட்டாற்போல.
படைப்பின் பெயர் "இன்மை."
விலை: கேட்டறியவும்.

சனிக்கிழமை முந்நூற்று நாற்பது பேர்.
பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள்
அட்டைகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் படம் எடுத்தார்கள்.
ஒரு டாக்டர் தம்பதி விலையைக் கேட்டார்கள்,
பிறகு ஃபேன் எங்கே என்று கேட்டார்கள்.
சாயங்காலத்துக்குள்
தொடாதீங்க தொடாதீங்க என்று
என் நாக்கில் பஞ்சு படிந்துவிட்டது.

ஞாயிறு பதினொன்றரைக்கு அந்த அம்மாள் வந்தாள்.
ஒயர் கூடை. மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி,
வாசிக்கத் தொடங்கினாள்.
எல்லாரும் பார்த்தார்கள், இவள்தான் வாசித்தாள்.
ஒவ்வொன்றாக, கழுத்தை அண்ணாந்து,
வாக்காளர் பட்டியலில் பெயர் தேடுகிற மாதிரி
நாற்பது நிமிடம்.

"ஏளா, இங்ஙன வா. இதை வாசி."
பேராச்சி. டோக்கன் 417. ரீலிங் பிரிவு. பகல் ஷிப்ட்.
"மார்ச்சு பத்தொம்பதுல என்ன போட்டிருக்கான்?"
சிவப்பு மையில் 'வரவில்லை.'
"நான் வந்தேம்லா.
பாபின் வண்டி கால்ல ஏறுனது அன்னைக்குத்தான்.
துணியச் சுத்திக்கிட்டு எட்டு மணி நேரமும் நின்னேன்.
இருபத்திரண்டு ரூவா நாப்பது பைசா.
கேட்டதுக்கு, அட்டைதான் பேசும்னுட்டான்.
பேனா வச்சிருக்கியா?"

எனக்குச் சொல்லித்தந்த வாக்கியம் வாய்வரை வந்தது.
அதற்குள் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.
வலது கால் பெருவிரல். நகம் இரண்டு துண்டாக,
நடுவில் ஒரு வரப்பு.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
சிவப்பை அவள் அடிக்கவில்லை.
அதன் பக்கத்தில், நூல் ஆட ஆட, கோணலாக
"வந்தேன்" என்று எழுதினாள்.
கையெழுத்துப் போட்டாள். கீழே அன்றைய தேதி.
இறங்கி, கூடையை எடுத்து,
உப்பை ஒரு விரலில் தொட்டு ருசித்துவிட்டு
பஸ்ஸுக்குப் போனாள்.

சாயங்காலம் கலைஞர் வந்தார்.
லினன் சட்டை, நல்ல மனிதர், எனக்கும் டீ வாங்கித் தந்தவர்.
417க்குக் கீழே நின்றுவிட்டார்.
"யார் பண்ணினது?"
நான் கருவியைப் பார்த்தேன்.
"இன்னைக்கு ஐநூத்தி ஆறு பேர் சார்."
வெகுநேரம் அண்ணாந்திருந்தார். படம் எடுத்தார்.
"பிரமாதம். இதை மட்டும் தனியா விலை போடலாம்."

எட்டு மணிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
கேட்டருகில் கான்ட்ராக்டர் கவர் கொடுத்தார்.
எண்ணினேன். இருநூறு குறைந்தது.
"நேத்து பத்து நிமிஷம் லேட். அரை நாள்."
சனிக்கிழமை நான் எட்டரைக்கே வந்து
பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றேன்.
அவர் நோட்டை நீட்டி, இங்கே கையெழுத்து என்றார்.

பேனாவைத் தேடினேன்.
அதைப் பேராச்சி கொண்டுபோய்விட்டாள்.